எலிவால் குழாய்

கல்யாணமாகி நயினார்பாளையம் பக்கம் வந்த புதிதில், புகுந்த வீட்டார் எதையெல்லாம் எனக்குக் காட்டினார்களோ அதையெல்லாம் நான் பார்க்கவில்லை. பீரோவைக் காட்டினார்கள். பூஜை அறையைக் காட்டினார்கள். எங்களுக்கென்று ரோஜா நிறம் பூசிய மாடி அறையைக் காட்டினார்கள். நான் சன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஜவ்வரிசி ஆலையிலிருந்து தண்ணீர் பகல் முழுக்க வெளியே ஓடிக்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. கூடவே, சொன்னால் சிரிப்பீர்கள், உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம். நான் வாழ்க்கைப்பட்டிருப்பது ஒரு கணக்குக்குள் என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது.

நான் திருக்கோவிலூர்க்காரி. படித்தது வேதிப் பொறியியல். அதில் எனக்குப் பைத்தியம் பிடிக்கிற அளவுக்குப் பிடித்த பாடம் ஒன்றே ஒன்றுதான். ஒரு தொழிற்சாலைக்குள் வருகிற தண்ணீரையும் சூட்டையும் எங்கிருந்து எங்கே திருப்பிவிட்டால் புதிதாகச் செலவாவது கம்மியாகும் என்று கண்டுபிடிக்கிற பாடம். வினாத்தாளில் வரும் தொழிற்சாலைகளுக்குப் பெயர் கிடையாது, நாற்றம் கிடையாது. மூன்று கட்டம், நாலு அம்புக்குறி, அவ்வளவுதான். கணக்கின் கீழே கட்டுப்பாடுகள் என்று சில வரிகள் இருக்கும். இந்தத் தொட்டியில் அழுக்கு இவ்வளவுக்கு மேல் சேரக் கூடாது, அந்தக் குழாயில் இவ்வளவுக்கு மேல் ஓடாது என்பது மாதிரி. அந்த வரிகளில் ஒரு முறைகூட மாமியார் வந்ததில்லை.

என் அத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாமனார் போன பிறகு ஆலையைத் தனியாக நடத்துபவர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காலையில் களத்தில் இறங்கினால், பொழுது சாயும்வரை அவர் குரல் மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்கும். யாரையும் கேட்டு ஒரு முடிவும் எடுக்க மாட்டார். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடுகிற விவசாயிக்கு வாக்குக் கொடுப்பதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. விவசாயி கொண்டுவந்த மாதிரிக் கிழங்கை எடுத்து முழங்காலில் வைத்துப் படக்கென்று ஒடிப்பார். வெள்ளையாக இருந்தால் ஒரு பாதியை அந்த விவசாயியின் கையில் கொடுப்பார், மறு பாதியைத் தான் வைத்துக்கொள்வார். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. அந்த விவசாயியின் தோட்டத்துக் கிழங்கு மொத்தமும் எங்கள் ஆலையில்தான் அரைபடும் என்று அதற்கு அர்த்தம். அந்த வாக்கு அதுவரை தவறியதில்லை.

அந்த வருஷம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு விவசாயிக்கு அப்படிப் பாதிக் கிழங்கு கொடுத்திருந்தார். அத்தை அவரைத் தம்பி என்பார், அவர் அத்தையை அக்கா என்பார். அந்த வாக்கை நம்பி, சாமை போடுகிற மேட்டு நிலத்தையும் சேர்த்து அவர் முழுக்கக் குச்சிக்கிழங்கே நட்டுவிட்டார். மண்ணுக்குள் இருக்கிறவரை கிழங்கு காத்திருக்கும், ஆனால் ரொம்ப நாள் விட்டால் நார் தட்டிப் போகும். பிடுங்கிவிட்டாலோ ஒன்றிரண்டு நாளில் உள்ளே கறுப்புக் கோடு ஓடிவிடும். அப்புறம் மாட்டுக்குத்தான்.

இங்கே எங்கள் போர்வெல் இருமத் தொடங்கியிருந்தது. மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் நல்லபடியாக ஊற்றும், பிறகு காற்று, பிறகு செம்மண் குழம்பு, பிறகு வெறும் உறுமல். ஜவ்வரிசி ஆலைக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழங்கைக் கழுவத் தண்ணீர். அரைக்கும்போது தண்ணீர். சல்லடையில் பால் வேறு, திப்பி என்கிற சக்கை வேறு என்று பிரிக்கத் தண்ணீர். பால் தொட்டியில் படிந்த மாவை இன்னொரு முறை கலக்கிச் சுத்தமாகப் படியவிடத் தண்ணீர். அதன் பிறகுதான் மாவைக் குலுக்கி முத்தாக்கி, வறுத்து, களத்தில் காயப்போடுவது. எல்லா இடத்திலும் புதுத் தண்ணீரே ஊற்றிக்கொண்டிருந்தோம். போர் நின்றால் ஆலை நிற்கும், ஆலை நின்றால் மலைக்காரரின் கிழங்கு கறுக்கும். அத்தை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பாட்டில் மட்டும் கை பிசைந்துகொண்டே இருந்தது.

நான் ஒரு சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு களத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஆலை முழுவதையும் கட்டம் கட்டமாக வரைந்தேன். எந்த இடத்துக்குச் சுத்தமான தண்ணீர் கட்டாயம் வேண்டுமோ அங்கே மட்டும் புதுத் தண்ணீர், அதாவது கடைசியாக மாவைக் கலக்கும் தொட்டிக்கு மட்டும். அங்கே தெளிந்து வழிவது சல்லடைக்கும் அரவைக்கும் பின்னால் போகட்டும். முதல் தொட்டியான பால் தொட்டியில் மாவு படிந்தபின் மேலே நிற்கும் தண்ணீர் கிழங்கு கழுவும் குழிக்குப் போகட்டும். மண்ணோடு வருகிற கிழங்குக்கு அது போதும். கிழங்கு இந்தப் பக்கமாக முன்னால் போகும், தண்ணீர் அந்தப் பக்கமாகப் பின்னால் வரும். வரைந்து முடித்து நிமிர்ந்தபோது தோல் உரிக்கும் பெண்கள் எல்லாரும் கத்தியும் கையுமாகச் சுற்றி நின்றார்கள். அத்தை ஒரு நிமிஷம்தான் பார்த்தார். வீட்டில் மூன்று அன்னக்கூடையில் பாத்திரம் கழுவுகிற மாதிரிதானே, கடைசிக் கூடைத் தண்ணீர் அடுத்த நடைக்கு முதல் கூடைக்கு வருகிற மாதிரி என்றார். ஆமாம் என்றேன். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. கல்யாணமாகி அவ்வளவு நாள் ஆகவில்லை.

பிறகு அவர் பார்வை கழுவும் குழியில் நின்றது. அங்கிருந்து வெளியே மெல்லிசாக ஒரு அம்புக்குறி போட்டிருந்தேன்.

"இன்னாடி இது, எலி வாலு மாரி?"

சுற்றுகிற தண்ணீரில் மண்ணும் புளிப்பும் கிழங்குச் சாறும் சேர்ந்துகொண்டே போகும், அதனால் கொஞ்சமாவது வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று விளக்கினேன். ஊரே தண்ணீருக்குத் தவிக்கும்போது வெளியே விடுவதா என்று அத்தை கட்டைவிரலால் அந்த வாலைத் தேய்த்து அழித்தார். நான் மறுபடி வரைந்தேன். அவர் மறுபடி அழித்தார். பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் நான் வாயால் வாதாடுவதை விட்டுவிட்டு, குழியின் வடிகால் ஓட்டையில் கட்டை வைத்து இறுக்கி, தண்ணீர் ஒல்லியாக வெளியே போகிற மாதிரி செய்துவைத்தேன்.

பழைய இரும்புக் கடையில் ஒரு பம்பு வாங்கினோம். குழாய்களைத் திருப்பி மாட்டினோம். முதல் நாள் தண்ணீர் பின்னால் ஓடியதைப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வினாத்தாளில் இருந்த அம்புக்குறி சத்தம் போட்டுக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும். ஒவ்வொரு தொட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடினேன், மெட்டி ஒரு பக்கம் கழன்று விழுந்தது. போர் பாதி நேரம் ஓய்வெடுத்துக்கொண்டு, ஓடிய நேரத்தில் இருமாமல் ஊற்றியது.

அதன் பிறகு ஆலைக்கே ஒரு காய்ச்சல் வந்தது. எதைப் பார்த்தாலும் இதை எங்கே திருப்பிவிடலாம் என்பதே பேச்சு. வறுவல் அடுப்பு என் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் புகைக்கூண்டைச் சுற்றிச் செம்புக் குழாய் சுற்றி, ஆலையில் எல்லாருக்கும் வெந்நீர் கொடுத்தார். கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். தோல் ஆட்டுக்குப் போயிற்று, கழுவிய மண் தென்னைக்குப் போயிற்று. தோல் உரிக்கும் பெண்களில் ஒருவர் தன் வீட்டில் குளிக்கிற தண்ணீரை அவரைக்காய்ப் பந்தலுக்குத் திருப்பிவிட்டு, மாமியார் குளிக்கும் நேரத்தைச் செடிக்குத் தகுந்த மாதிரி மாற்றச் சொல்லிச் சண்டை வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாரையும்விடக் காய்ச்சல் முற்றியது அத்தைக்குத்தான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எங்க ஆலையிலேர்ந்து ஒரு சொட்டு வெளியே போகாது என்று சொல்ல ஆரம்பித்தார். சொன்ன பிறகு அது உண்மையாக இருக்க வேண்டுமே.

சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு நான் திருக்கோவிலூர் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வடிகால் ஓட்டையைக் காணோம். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமெண்ட் வைத்து வழவழவென்று பூசிவிட்டார்கள். கழுவிய தண்ணீர் குழியிலிருந்து நேராக அரவைக்கே திரும்பிப் போனது. எலிவால் இருந்த இடத்தில் முழு வட்டம். அதுகூடப் பரவாயில்லை, உடைத்துக்கொள்ளலாம். ஆனால் அத்தை நல்ல நாள் பார்த்து, பூசிய இடத்தில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துச் சூடம் காட்டியிருந்தார். இனி அது சாமி. வேலைக்கு வரும் பெண்கள் தினம் தலையிலிருந்து ஒரு கிள்ளுப் பூவை அங்கே வைத்துவிட்டுத்தான் கத்தியைத் தொட்டார்கள்.

போர் மோட்டாருக்கு ஏறக்குறைய லீவு. அத்தைக்கு வாயெல்லாம் பல். நானும் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த வட்டம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

கொஞ்ச நாள்தான். முதலில் பால் தொட்டியில் நுரை கட்டியது. பிறகு அடியில் கல் மாதிரி படிய வேண்டிய மாவு கொழகொழவென்று நின்றது. பிறகு நாற்றம். ஜவ்வரிசி ஆலை என்றால் எப்போதும் கொஞ்சம் நாறும், ஆனால் இது பழைய நாற்றமில்லை, கண்ணைக் கரிக்கிற புளிப்பு. களத்தில் காய்ந்த ஜவ்வரிசி அழுக்கு வேட்டி நிறத்தில் கிடந்தது. அத்தை சாக்குத்துணியைக் குற்றம் சொன்னார், கிழங்கைக் குற்றம் சொன்னார், கடைசியில் கண் பட்டுவிட்டது என்று ஒரு பெரிய பூசணிக்காயைச் சுற்றி வாசலில் உடைத்தார்.

அதே சமயத்தில் என் வீட்டுக்காரர் அவருடைய கேஸ் தொட்டியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். ஆலைக் கழிவுநீர் வாய்க்கால் வழியாகப் போய்ச் சேருகிற மூடிய தொட்டி அது. உள்ளே புளித்து வருகிற வாயுவில்தான் வறுவல் அடுப்பு எரியும். எப்போதுமே சுமாராகத்தான் எரியும், இப்போது சுடர் தூக்கித் தூக்கிப் போட்டு அணைந்தது. தொட்டிக்குப் பசி என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். வாசலில் உடைந்து கிடந்த பூசணிக்காய்த் துண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்குள் போட்டார். அத்தை பார்த்துவிட்டார். திருஷ்டி கழித்ததை அடுப்புக்குத் திருப்பிவிடும் அளவுக்கு எங்கள் வீட்டில் மறுபயன்பாடு வளர்ந்துவிட்டதே என்று நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது.

புரை அடங்கும்போதுதான் உறைத்தது. கேஸ் தொட்டிக்குப் பசி. கழுவும் குழிக்கு அஜீரணம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சிமெண்டுப் பூச்சு.

சுண்ணாம்புக்கட்டியோடு மறுபடி களத்தில் உட்கார்ந்தேன். வாலை எவ்வளவு தடிமனாக வைப்பது என்பதுதான் கேள்வி. முழுக்கத் திறந்துவிட்டால் போர் தாங்காது, முழுக்க மூடினால் மாவு தாங்காது. ஓய்வாக இருந்தால் போர் ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறும் என்று எங்களுக்கு இப்போது தெரியும். அந்த அளவு மட்டும் வெளியே போனால் போதும், அந்த அளவு மட்டும் புதிதாக உள்ளே வரும். புளிப்பு ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது. ஆறேழு தடவை அழித்து அழித்துப் போட்டும் அதே விடைதான் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது, நான் தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிறந்த விடை பூஜ்யம் இல்லை. ஒரு எலிவால்.

அன்றைக்கு மத்தியானமே மலைக்காரரிடமிருந்து போன் வந்தது. ஆள் கிடைத்துவிட்டது, நாளை மறுநாள் பிடுங்கி ஏற்றிவிடலாமா என்று கேட்டார். அத்தையால் வா என்றும் சொல்ல முடியவில்லை, வராதே என்றும் சொல்ல முடியவில்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போய் அவர் பக்கத்தில் நின்று, குழியைத் திறந்துவிடலாம் என்றேன்.

"பூ வெச்சுக் கும்பிட்ட எடத்துல கடப்பாறைய வெக்கச் சொல்றியா? ஒரு சொட்டு வெளிய போவாதுன்னு ஊர் பூரா சொல்லிக்கினு இருக்கேன்."

"வெளிய போவலீங்க அத்தை. அடுப்புக்குப் போவுது."

அவர் வேண்டாம் என்று தடுக்கவில்லை. சாமியை யாரும் தொட வேண்டாம் என்று நான் ஒரு பச்சை ஹோஸ் குழாயை எடுத்தேன். ஒரு முனையைக் குழியின் அடிவரை விட்டு, சுவர் மேலாக வளைத்து, மறு முனையைத் தாழ்வாக ஓடும் கேஸ் தொட்டி வாய்க்காலில் போட்டேன். ஒரு தடவை உறிஞ்சிவிட்டால் பிறகு தண்ணீர் தானாகச் சுவர் ஏறி இறங்கிக்கொள்ளும். குனிந்து உறிஞ்சினேன். குழாய் நீளம், என் மூச்சு கட்டை. மறுபடி உறிஞ்சினேன். பாதி தூரம் வந்து திரும்பிப் போனது. பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பம்பை எடுத்துவரப் போனார். அதற்குள் அத்தை பொறுக்க மாட்டாமல் என் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினார். இந்த மூச்சை வைத்துக்கொண்டுதான் படித்தாயா என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, வாயில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தார்.

வந்தது. வாய் நிறைய வந்தது.

அத்தையின் முகம் எத்தனை விதமாகப் போயிற்று என்று என்னால் இன்றைக்கும் நடித்துத்தான் காட்ட முடியும், எழுத முடியாது. குழாயை வாய்க்காலில் போட்டுவிட்டு, தள்ளிப் போய்த் துப்பினார். சொம்பு சொம்பாகக் கொப்பளித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஓடுகிற குழாயையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தயாடி எங் கெழங்குக்கு ஊத்திக்கினு இருந்தோம்?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நானாகத்தான் இருக்கும். அப்புறம் களமே சிரித்தது. பம்போடு ஓடிவந்த என் வீட்டுக்காரர் விஷயம் தெரியாமலே சிரித்தார். அத்தையும் சிரித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சிமெண்டு சாமிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். எழுந்து நேராகப் போனை எடுத்து மலைக்குப் போட்டார். சிக்னல் நன்றாக இருந்தது. நாளை மறுநாளே பிடுங்கு தம்பி என்றார்.

இரவும் பகலும் குழாய் ஓடியது. போன அளவுக்குப் போர் ஊறி நிரப்பியது. மலைக் கிழங்கு லாரியில் வந்து இறங்கியபோது குழித்தண்ணீர் இன்னும் கலங்கல்தான், ஆனால் கண் கரிக்கவில்லை. மாதிரிக் கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்து, மாவு எவ்வளவு தேறும் என்று பாயிண்ட் சொல்வோமே, அதில் அந்தக் கிழங்கு அந்த சீசனிலேயே உசத்தி. மறுநாள் காலையில் பால் தொட்டித் தண்ணீரை இறக்கிவிட்டு நான் உள்ளே கால் வைத்தேன். கால் புதையவில்லை. மாவு கெட்டியாகப் படிந்து கிடந்தது. நான் அதன் மேலேயே குதித்தேன். அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மலைக்காரர் கடைசி லோடோடு தானும் வந்த அன்றுதான் கேஸ் தொட்டி விழித்துக்கொண்டது. முன்பு வெள்ளமாகப் போன கழிவு வெறும் தண்ணீர் மாதிரி, அதில் வாயு தேறாது. இப்போது போவது கொஞ்சம், ஆனால் திக்கான சரக்கு. என் வீட்டுக்காரர் பழைய ஞாபகத்தில் வால்வை முழுக்கத் திறந்துவிட்டுத் தீக்குச்சியைக் காட்ட, குப்பென்று நீலச் சுடர் எழுந்து அவருடைய மீசையில் ஒரு பக்கத்தைக் கொண்டுபோனது. அரை மீசையோடு அவர் அடுப்பைச் சுற்றி ஆடியதை ஆலையே வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு வறுத்தெடுத்த ஜவ்வரிசி களத்தில் பரப்பிக் கிடந்ததைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க முடிந்தது, அவ்வளவு வெள்ளை.

எல்லாம் எப்படி நடந்தது என்று மலைக்காரர் கேட்டார். அத்தை என்னைக் கூப்பிடவில்லை. சுண்ணாம்புக்கட்டியைத் தானே எடுத்துக் களத்தில் கட்டங்களை வரைந்தார். தண்ணீர் பின்னால் வருவதைக் காட்டினார். கழுவும் குழியில் நிறுத்தி, கட்டைவிரலால் அவர் அழித்த அதே இடத்தில் வெளியே ஒரு வால் போட்டார். ஆர்வத்தில் அது யானைத் தும்பிக்கை தடிமனுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் மெலிசா, அத்தை என்றேன். முறைத்துவிட்டு, முந்தானையால் துடைத்து மெலிசாகப் போட்டார்.

கிளம்பும்போது மலைக்காரர் துண்டுக்குள்ளிருந்து ஒரு கிழங்கை எடுத்து நீட்டினார்.

"அடுத்த வருசமும் போடட்டுங்களா, அக்கா?"

அத்தை கிழங்கை வாங்கி முழங்காலில் வைத்தார். அதுவரை யாரையும் கேட்டறியாத மனுஷி அப்படியே நின்றார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். போரைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த பச்சைக் குழாயைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கிழங்கை என் கையில் வைத்தார்.

"நீ ஒடி."

முழங்காலில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். படக்கென்று ஒடிந்தது. உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு பாதியை மலைக்காரரிடம் கொடுத்தேன், மறு பாதியை நான் வைத்துக்கொண்டேன்.